அர்ச்சனைத் துண்டில் இரண்டு நட்சத்திரம்

கோயில் கவுண்டரில் இருந்த அன்ரி பேனையைத் திறந்தபடி, தலை நிமிராமல் கேட்டார்.

"ஒரே குடும்பமோ?"

நானும் இவரும் ஒரே நேரத்தில் "இல்லை" என்றோம். களவெடுத்த பொருளோடு பிடிபட்டவர்கள் போல அவ்வளவு அவசரம். அன்ரி இரண்டு துண்டு எழுதிக் கிழித்துத் தந்தார். ஒன்றில் என் பெயரும் விசாகமும், மற்றதில் இவர் பெயரும் ரேவதியும்.

அர்ச்சனைத் துண்டு உள்ளங்கை அளவு தாள். அதில் இருக்கும் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயர் சாமிக்கு முன்னால் வாசிப்பார். ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு போதும். அப்பா, அம்மா, பிள்ளைகள், போன மாதம் வந்த மருமகள் வரை எல்லோரையும் வரிசையாக எழுதலாம். நாங்கள் சிட்னியில், ஹரிஸ் பார்க்கில் ஒரே ஃபிளாட்டில் எழும்பி, ஒரே காரில் ஏறி, வழி முழுக்க ஒரே சண்டையைப் பிடித்துக்கொண்டு வந்து, சாமிக்கு முன்னால் மட்டும் யாரோ எவரோ என்று நின்றோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதுதான் நடந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை, கேட்ட கேள்விக்கு நாங்களேதான் இல்லை என்றோம். அது தெரிந்ததால் எனக்கு இன்னும் கோபம் வரும். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல்தான் கோபம்.

"இவர்" என்று நான் சொல்வது என் துணைவரை. எங்கள் பக்கத்தில் மனைவிமார் கணவனின் பெயரைச் சொல்லாமல் இவர், இவர் என்றே காலத்தை ஓட்டிவிடுவார்கள். எனக்கும் அது வசதியாக இருக்கிறது. இவர் திருநெல்வேலிக்காரர், பரமட்டாவில் ஒரு கம்பனியில் பாலங்கள் வடிவமைக்கும் பொறியியலாளர். நான் யாழ்ப்பாணத்தவன், பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். இவருக்குப் பக்தி அதிகம், சஷ்டி விரதத்தைத் தண்ணீரோடு முடிப்பார். எனக்கும் கடவுளுக்கும் இடையே எப்போதும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும், ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் ஏதோ குறைந்ததுபோல இருக்கும்.

2009 இல் சட்டம் மாறியது. வரி, ஆஸ்பத்திரி, விசா எல்லாவற்றிலும் எங்களைப் போன்றவர்களையும் டி ஃபாக்டோ, அதாவது கலியாணப் பதிவு இல்லாமல் சேர்ந்து வாழும், தம்பதி என்று எழுதலாம் என்றார்கள். இவருடைய விசாவுக்காக நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. மின்சார பில், சலவை இயந்திரம் வாங்கிய ரசீது, கடற்கரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படங்கள் என்று ஒரு நீலக் கோப்பு நிறையச் சேர்த்தோம். மற்றவர்களுக்குக் கலியாண அல்பம், எங்களுக்கு அந்த நீலக் கோப்பு. உறவினர் யாராவது எங்களைத் தம்பதியாகத் தெரியும் என்று கையெழுத்திட்டால் நல்லது என்றார்கள். என் அக்கா இட்டாள்.

அம்மா இடவில்லை. அம்மா அக்காவோடு மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் இருந்தார். அந்தக் கோப்பைச் சேர்க்கத் தொடங்கிய நாட்களில்தான் நான் அவரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, கத்தவில்லை. "உந்த வீட்டுக்கு நான் வரமாட்டன். என்னைக் கேளாதை" என்றார். நான் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை கலியாணங்களுக்காகச் சிட்னிக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கி, என்னைக் கோயிலில் சந்தித்து, வடையும் புத்திமதியும் தந்துவிட்டுத் திரும்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபோனில் கதைப்போம். மழை, கத்தரிக்காய், அவருடைய முழங்கால், என்னுடைய இருமல். இவரைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. எனக்கு நாட்டுச் சட்டம் முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஊர்வலங்களுக்குப் போயிருக்கிறோம், இவர் அதற்கும் புளியோதரை கட்டிக்கொண்டுதான் வருவார். ஆனால் உள்ளுக்குள் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அம்மா எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு நாள் உள்ளே வரவேண்டும்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. 2012 குளிர்காலத்தில் வீடு தேடத் தொடங்கினோம்.

வீடு தேடியதற்கு உண்மையான காரணம் ஸ்மோக் அலாரம். ஃபிளாட்டில் கற்பூரம் கொளுத்தினால் அது ஊரைக் கூட்டும். அதனால் வீட்டுப் பூசையில் இவர் தீபம் காட்ட, நான் கதிரையில் ஏறி நின்று அலாரத்துக்குத் துவாயால் விசிறுவேன். சாமிக்குச் சாமரம் வீசுகிற பணிவோடு அந்தப் பிளாஸ்டிக் வட்டத்துக்கு எத்தனை வருடம் வீசியிருப்பேன்! ஒரு முறை கை ஓய்ந்த நேரம் பார்த்து அது அலறியது. கீழ்வீட்டுக் கிழவர் தீயணைப்புப் படையை அழைத்துவிட்டார். பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

நாங்கள் பார்த்த ஒன்பதாவது வீட்டின் ஒரு மூலை அறையில் சுவரோடு சேர்ந்த பழைய கணப்பு ஒன்று இருந்தது. முன்னொரு காலத்தில் குளிருக்கு விறகு எரித்த இடம். பலகை அடித்து மூடியிருந்தார்கள். இவர் பலகையைத் தட்டிப் பார்த்தார். மேலே புகைபோக்கி இருக்கிறது என்றதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சாமி இங்கதான். கற்பூரப் புகை நேரா வானத்துக்குப் போயிரும். நீ கீழ எறங்கிரலாம்."

வீடு காட்ட வந்த ஏஜெண்ட், பின்வளவைக் காட்டி "நோர்த் ஃபேசிங்" என்று பெருமையாகச் சொன்னான். வளவு வடக்குப் பார்த்திருந்தால் இந்த நாட்டில் வீட்டுக்கு மதிப்பு. சனிக்கிழமை நடுப்பகல் அது. இவர் முற்றத்தில் இறங்கி, தன் நிழலைப் பார்த்து, என் காதில் சொன்னார்.

"பொய் சொல்றான்டா. குளிர்காலத்துல நடுப்பகல் வெயில் தெற்க சாஞ்சுதான இருக்கும்? நிழல் விழுறதுதான் வடக்கு. அவன் காட்டுறது தெற்கு."

நான் நிழலைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதம் பள்ளிக்கூட முற்றத்தில் எங்கள் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று எனக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. "ஓம், பொய்தான்" என்றேன். இரண்டு பேருடைய சட்டைப் பையிலும் ஃபோன் இருந்தது, ஃபோனில் திசைகாட்டியும் இருந்தது. ஆனால் கண்முன்னால் சூரியன் நிற்கும்போது யாராவது ஃபோனைக் கேட்பார்களா?

நிழலை வைத்து இவர் ஒரு தாளில் படம் வரைந்தார். கணப்பு இருந்த அறை சரியாக வடகிழக்கு மூலை, ஈசானியம். கணப்பு கிழக்குச் சுவரில். நாங்கள் கிழக்கு நோக்கி நின்று கும்பிடலாம். "சாமியே எடம் புடிச்சு வச்சிருக்கார்" என்று இவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லும் ஏஜெண்டை மன்னித்து அந்த வீட்டை வாங்கினோம்.

சாவி கைக்கு வர ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரமும் ஃபிளாட்டின் கீழே எங்கள் கார் நிற்கும் இடத்தில் சாமி அலுமாரி உருவானது. யாரோ பழைய வீட்டை உடைத்தபோது கழற்றிய தரைப் பலகைகள், சிவப்பு நிறம், கல் மாதிரிக் கனம். இவர் பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவர், ஆனால் கையால் ஒரு முக்காலி கூடச் செய்ததில்லை. சனிக்கிழமை காலைகளில் ஹாட்வெயார் கடைக்குப் போவோம். வாசலில் இறைச்சிச் சொசேஜ் சுடும் புகைக்குள்ளால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இவர் நடப்பார். திரும்பி வந்து நான் பலகையைப் பிடிக்க, இவர் அறுப்பார். பிழையாக அறுத்தால் நான் அசைத்துவிட்டேன் என்பார். ஒரு நாள் நான் உளியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். அரை மணித்தியாலம் கழித்து இவர் ஜிலேபிப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். ஹரிஸ் பார்க்கில் சமாதானம் செய்வது சுலபம், இரண்டு கடைக்கு ஒரு இனிப்புக் கடை.

அலுமாரி கடைசியில் நன்றாகவே வந்தது. இரண்டு கதவு, கதவில் வரிசையாகக் குட்டி மணிகள், கீழே திருநீறு வைக்க, இழுத்துத் திறக்கும் ஒரு லாச்சி. லாச்சி மட்டும் பாதியில் இறுகி நிற்கும், இன்றைக்கும் நிற்கிறது.

சாவி கிடைத்த அன்றே கணப்பின் பலகையைக் கழற்றினோம். ஒரு குருவிக்கூடும் அரை வாளி கரியும் எங்கள் தலையில் விழுந்தன. இரண்டு பேரும் கறுத்துப்போய் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே சுரண்டினோம், கழுவினோம், வெள்ளை அடித்தோம். அடைமழையில் சாமான் ஏற்றி இறக்கினோம். மூன்று நாள் சூரியனைக் காணவில்லை. அலுமாரியைக் கணப்புக்குள் தள்ளி, சுவரோடு எட்டு ஆணியில் முடுக்கி, நடுவில் பிள்ளையாரை வைத்தோம்.

நாலாம் நாள் காலை வானம் வெளித்தது. நான் பல் விளக்கிக்கொண்டு வந்தேன். இவர் கோப்பிக் கோப்பையோடு அலுமாரிக்கு முன்னால் அசையாமல் நின்றார். குசினி ஜன்னலால் வந்த காலை வெயில் நடைவழியாக ஓடி வந்து பிள்ளையாரின் முகத்தில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. பிள்ளையாருக்குப் பின்னால் உதிக்க வேண்டிய சூரியன் எங்களுக்குப் பின்னால் உதித்திருந்தது.

"அந்த ஏஜெண்ட் பொய் சொல்லலடா" என்றார் இவர் மெல்ல.

அப்போதுதான் ஃபோனை எடுத்துப் பார்த்தோம். இந்த நாட்டில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்த இரண்டு கெட்டிக்காரர்கள் ஊர்ச் சூரியனைக் கையோடு கொண்டுவந்து இங்கே மாட்டப் பார்த்திருக்கிறோம். வடகிழக்கு என்று நினைத்தது தென்மேற்கு. கிழக்குச் சுவர் என்று நினைத்தது மேற்குச் சுவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பொறியியலாளர் ஐயா, உங்கட பாலமெல்லாம் எந்தப் பக்கம் பாத்து நிக்குது?" என்று கேட்டேன். இவர் சிரிக்கவில்லை. ஈசானியத்தில் வைக்கப்போனவரை நேர் எதிர் மூலையில் வைத்துவிட்டோமே என்று உடைந்துபோய்க் கதிரையில் இருந்துவிட்டார். கடப்பாறை எங்கே என்று தேடினார். நான் அதைக் கார் டிக்கியில் ஒளித்து வைத்தேன்.

அந்த ஞாயிறு அம்மாவோடு மழையும் கத்தரிக்காயும் முடிந்த பிறகு, சிரிப்பு மிச்சம் இருந்ததால் என் வாய் சும்மா இருக்கவில்லை. முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். நிழல், ஏஜெண்ட், எட்டு ஆணி எல்லாம். பாதிக் கதையில்தான், நாங்கள், நாங்கள் என்று மூன்று வருடமாகச் சொல்லாத சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

"தென்மேற்கிலயோ?" என்றார் அம்மா. "எந்தச் சாமியை நடுவில வச்சனியள்?"

"பிள்ளையாரை."

"பால் காய்ச்சினதே?"

"இன்னும் இல்லை."

"பால் காய்ச்சாமல் குடியிருக்கிறியளோ? கடவுளே! ஒண்டையும் அசைக்காதையுங்கோ. இப்ப புரட்டாதி பிறக்கப்போகுது, குடிபூரல் செய்யக்கூடாது. ஐப்பசி பிறக்கட்டும், நான் வந்து பாக்கிறன்."

ஃபோனை வைத்துவிட்டார். நான் குசினியில் நின்றபடி, என்ன நடந்தது என்று யோசித்தேன். மூன்று வருடமாக நான் கண்ணீராலும் கோபத்தாலும் திறக்க முடியாத கதவை ஒரு திசை தெரியாத பொறியியலாளர் திறந்துவிட்டார். ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். இவர் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக "அய்யோ, தென்மேற்கப் பாத்துட்டு என்ன சொல்வாங்க?" என்று பயந்தார்.

அடுத்த வாரம்தான் பாராளுமன்றத்தில் எங்கள் கலியாணத்துக்கான மசோதாவுக்கு வாக்கெடுப்பு. தோற்றது. தோற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு அறையில் அந்தச் செய்தியைக் கேட்டதும் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே மூடி வைத்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பிள்ளையாருக்கு முன்னால் நின்று கத்தினேன். உமக்கு இரண்டு பெண்சாதி என்கிறார்கள், ஒருத்தியும் இல்லை என்கிறார்கள், உம்மைப் பற்றி எந்தப் பாராளுமன்றமாவது வாக்கெடுத்ததா என்று கேட்டேன். இவர் அலுமாரிக் கதவுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். நான் கத்தி முடிக்கும்வரை தூரிகையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ரெண்டாவது கோட் இன்னும் காயல, கதவத் தொட்டுறாத" என்றார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். என் வெள்ளைச் சட்டையெல்லாம் வார்னிஷ்.

அம்மா ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே ஃபோன் எடுத்தார்.

"ரேடியோவில சொன்னவங்கள்" என்றார். "உங்கட சட்டம் வரேல்லையாம்."

"ஓம் அம்மா."

"சரி. சமைச்சதே? ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்றார். நான் அழுதேன். கவலையில் அழுதேனா, அம்மா ரெண்டு பேர் என்று சொன்னதற்காக அழுதேனா என்று கேட்டால், பின்னதற்குத்தான்.

ஐப்பசியில் அம்மா வந்தார். விமான நிலையத்தில் இவரைப் பார்த்து "சுகமோ தம்பி" என்றார். இவர் "ஆமா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, சுகமா என்று கேட்டதற்கு ஆமாம் என்பது சரியா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினார். நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எங்கள் வாசலைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்தபோது தோளில் கைப்பையோடு நேரே மூலை அறைக்குள் போய்விட்டார்.

இவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஃபோனில திசை காட்டுமாம். காட்டுங்கோ தம்பி, பாப்பம்."

இவர் நீட்டினார். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அலுமாரியைப் பார்த்தார். மணியை ஒரு முறை தட்டினார். லாச்சியை இழுத்தார், அது வழக்கம்போல நின்றது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"கோயில்ல தென்மேற்கு மூலையில ஆர் இருக்கிறவர்?"

எனக்குச் சட்டென்று வரவில்லை. வெளிவீதி, உள்வீதி என்று மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். "பிள்ளையார்" என்றேன். "கன்னிமூலைப் பிள்ளையார்."

"எந்தப் பக்கம் பாத்து?"

"கிழக்க பாத்து."

"பிறகென்ன? தன்ர இடத்தில தான் இருக்கிறார் அந்தாள். நீங்கள் ரெண்டு பேரும் என்னவோ நீங்கள் கொண்டுவந்து வச்சனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்." கைப்பையை இறக்கி வைத்தார். "தேத்தண்ணி கிடைக்குமே, இல்லாட்டி அதுக்கும் ஐப்பசி கழியோணுமே?"

இவர் குசினிக்கு ஓடினார். அங்கே போய்ச் சத்தமில்லாமல் அழுதார் என்பது, தேத்தண்ணியில் சீனிக்குப் பதிலாக உப்பு இருந்ததால் தெரிந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைக் கோணாமல் மற்றதையும் குடித்தார்.

ஞாயிறு குடிபூரலுக்கு, புது வீடு புகும் சடங்குக்கு, ஐயர் வருவதாக ஏற்பாடு. முதல் நாள் சனிக்கிழமை காலை, கோயிலில் ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றார் அம்மா. மூன்று பேரும் போனோம். கவுண்டரில் அதே அன்ரி. கூட்டம் அதிகம். அம்மா பின்னால் பூத்தட்டுக்குத் தேங்காய் தேர்ந்துகொண்டிருந்தார். பழக்கதோஷம் பாருங்கள், அன்ரி பேனையைத் திறக்கும்போதே இவர் முந்திக்கொண்டு "ரெண்டு துண்டு" என்றுவிட்டார்.

"என்னத்துக்கு ரெண்டு?"

அம்மாவின் குரல். தேங்காயோடு முன்னால் வந்து நின்றார்.

"ஒரே வீட்டில இருக்கிற பிள்ளையளுக்கு என்னத்துக்கு ரெண்டு துண்டு? ஒண்டு எழுதுங்கோ பிள்ளை."

அன்ரி அப்போதுதான் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "ஒரே குடும்பமோ அம்மா?"

"ஓம். ஒரே குடும்பம்."

என் பெயரைச் சொன்னார். விசாகம் என்றார். பிறகு, ஒரு வினாடி கூட நிற்காமல், மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு தரமும் உச்சரிக்காத இவர் பெயரைச் சொன்னார். ரேவதி என்றார். அன்ரி எழுதினார். ஒரு பெயருக்குக் கீழே மற்றப் பெயர். பின்னால் நின்றவர் நகரச் சொல்லி என் தோளில் தட்டும்வரை நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

ஐயர் வாசித்தார். இரண்டு பெயரையும் ஒரே மூச்சில், மூக்கால், வழக்கமான அவசரத்தில் வாசித்தார். அவருக்கு அது அன்றைய நாற்பதாவது துண்டாக இருந்திருக்கும். வாசித்த துண்டைக் குங்குமத்தோடும் பூவோடும் தட்டில் வைத்துத் திருப்பித் தந்தார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அம்மா, இவர் ரேவதி எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அம்மா பின் இருக்கையில் வடைப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "பொருத்தம் பாத்தனான்தானே."

"எப்ப?"

"நீ சொன்ன அதே கிழமை. உன்ர வீட்டுக்கு ஃபோன் எடுத்தனான், தம்பிதான் எடுத்தது. நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கினனான்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். காது சிவந்திருந்தது.

"ஆன்ட்டி சொல்லாதன்னாங்க" என்றார். "நான்கூட என்னைப் பிரிக்க ஏதோ செய்வினைக்குத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன். ஆனா பெரியவங்க கேட்டா சொல்லாம எப்படி?"

மூன்று வருடம்! தனக்குச் செய்வினை வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே, மரியாதையாகச் சரியான நட்சத்திரத்தைச் சொல்லி, அதை என்னிடமும் மறைத்திருக்கிறார் இந்த மனிதர்.

"சாத்திரியாருக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?" என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆர் மாப்பிள்ளை, ஆர் பொம்பிளை?"

"அவரும் அதைத்தான் கேட்டவர், எந்த நட்சத்திரத்தில இருந்து எண்ணுறது எண்டு. ரெண்டு பக்கத்தாலயும் எண்ணிப் பாருங்கோ எண்டனான். ஒரு பக்கத்தால ஆறு பொருத்தம், மற்றப் பக்கத்தால ஏழு. கூடினதை எடுத்தனான்." ஒரு வடையை இவருக்கு நீட்டினார். "கணப் பொருத்தம்தான் இல்லை. இவன் ராட்சத கணம். நீங்கள்தான் பாவம் தம்பி."

"ஆமா ஆன்ட்டி" என்றார் இவர். இந்த முறை அது சரியாக இருந்தது.

"பிறகேன் அம்மா மூண்டு வருசம் வரேல்லை?"

கேட்டுவிட்டேன். அம்மா கையில் இருந்த எண்ணெயைத் தாளில் துடைத்தார்.

"பொருத்தம் பாத்தது சாத்திரியார். எனக்குப் பழக நேரம் வேணும்தானே. பிறகு பழகின உடன, நீ வாங்கோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை."

"நீங்கள்தானே கேளாதை எண்டு சொன்னனீங்கள்!"

"சொன்னா? சொன்னா நீ கேக்கிறேல்லையோ?"

கவுண்டரில் நாங்களே இல்லை என்று சொன்னதுபோல, இதையும் நானேதான் இழுத்துப் பூட்டி வைத்திருந்தேன். இவர் வடையை வாயில் வைத்துக்கொண்டு காரை எடுத்தார்.

மறுநாள் ஐயர் வந்தார், பால் பொங்கியது, புகை முழுவதும் புகைபோக்கியால் சமர்த்தாக மேலே போனது. அலாரம் மூச்சு விடவில்லை. ஆனாலும் தீபம் காட்டும் நேரம் வந்ததும் என் கை தானாகத் துவாயைத் தேடியது.

அம்மா மெல்பேர்னுக்குத் திரும்பிய அன்று, அந்த நீலக் கோப்பைப் பரணில் இருந்து இறக்கினேன். இவருடைய விசா கிடைத்துக் கனகாலம், இனி யாரும் எங்களிடம் ஆதாரம் கேட்கப்போவதில்லை. மின்சார பில்லுக்கும் சலவை இயந்திர ரசீதுக்கும் மேலே, குங்குமக் கறையோடு கிடந்த அந்த ஒரு துண்டை வைத்து மூடினேன்.